அப்பா அம்மாவிடம் அனுமதிப் படிவத்தில் கையெழுத்து வாங்குவது: உங்கள் வீட்டில் எப்படிச் செய்தீர்கள்?

அல்சூர் ஏரிக்கரை | சனி, காலை 10.20

எல்லாருக்கும் வணக்கம். நான் பெங்களூரில் அல்சூரில் இருக்கிறேன், தங்கை கலிஃபோர்னியாவில் சான் ஓசேயில். அப்பாவுக்கு 79, அம்மாவுக்கு 73. இருவருக்கும் கிரீன் கார்டு உண்டு. வருஷத்தில் பாதி அங்கே, பாதி இங்கே என்று ஓடுகிறது. இப்போது இங்கே என்னோடு இருக்கிறார்கள்.

போன ஆகஸ்டில் அங்கே இருந்தபோது அப்பாவின் அமெரிக்க எண்ணுக்கு ஓர் அழைப்பு வந்தது. வக்கீல் ஆபீஸிலிருந்து பேசுகிறேன் என்று ஒருவன். தங்கை மகன் பெயரைச் சொல்லி, கார் விபத்தில் மாட்டிக்கொண்டான், ஜாமீனுக்கு உடனே பணம் வேண்டும், "அப்பா அம்மாவிடம் சொல்லாதீங்க தாத்தா" என்று அழுகிறான் என்றிருக்கிறான். மாப்பிள்ளையின் பெயர், அவர்கள் முன்பு வாடகைக்கு இருந்த தெரு, என் பெயர் வரைக்கும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அப்பா ஆடிப்போய்விட்டார். பையன் அந்த நேரம் மாடியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததால் பிழைத்தோம். வெளியே போயிருந்தால் அப்பா நேராக பாங்குக்குத்தான் போயிருப்பார்.

பிறகு தங்கை தேடிப் பார்த்ததில், ஆள் தேடும் தளம் ஒன்றில் அப்பாவின் பெயர், வயது, நான்கு பழைய முகவரிகள், தொலைபேசி எண், "உறவினர்களாக இருக்கலாம்" என்ற தலைப்பில் எங்கள் எல்லார் பெயரும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இந்த மாதிரித் தளங்களுக்கு நம் சார்பில் எழுதி விவரங்களை நீக்கித் தரும் சேவை ஒன்றில் தங்கை குடும்பமாகச் சேர்ந்திருக்கிறாள். 18 வயதான ஒவ்வொருவரும் தனித்தனியாக அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா அம்மாவிடம் வாங்கும் பொறுப்பு என்னுடையது.

இங்கேதான் சிக்கல். அப்பா மாட்டேன் என்கிறார். 91-ல் நண்பர் எடுத்த சீட்டுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு, ஆறு வருஷம் தன் சம்பளத்திலிருந்து கட்டியவர் அவர். போதாததற்குப் படிவத்தின் தலைப்பிலேயே "பவர் ஆஃப் அட்டர்னி" என்று இருக்கிறது. "பவர் எழுதி வாங்க வந்திருக்கியா?" என்று கேட்டுவிட்டார். "ஒண்ணுமில்லப்பா, சும்மா ஃபார்மாலிட்டி, கீழே போடுங்க" என்றேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அம்மா நேர் எதிர். "எங்கே போடணும்னு சொல்லு" என்று பேனாவோடு உட்கார்ந்துவிட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அப்பாவின் மறுப்பை விட இதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது.

இருவருக்கும் மின்னஞ்சல் நான்தான் உருவாக்கினேன், கடவுச்சொல்லும் என்னிடம்தான். இணைப்பைத் திறந்து நானே விரலால் போட்டுவிட்டால் இரண்டு நிமிஷ வேலை. மனசு ஒப்பவில்லை. உங்கள் வீடுகளில் எப்படிச் செய்தீர்கள்?

ஜெயநகர் மருமகள் | சனி, காலை 11.05

அண்ணா, நீங்களே போடாமல் நிறுத்தினீர்களே, அது நல்ல காரியம்.

எங்கள் வீட்டில் போன வருஷம் இதே படிவம்தான், என் நாத்தனார் நியூஜெர்ஸியிலிருந்து அனுப்பினார். மாமனார் தன்னுடையதில் போட்டுவிட்டு, "அவளுதையும் குடு, நானே போட்டுடறேன், அவளுக்கு இதெல்லாம் தெரியாது" என்று மாமியார் படிவத்தையும் எடுத்தார். கல்யாணமாகி 48 வருஷத்தில் மாமியாரின் பாங்கு பாரம், கேஸ் பாரம் எல்லாம் அப்படித்தான் நடந்திருக்கிறது. நான் அன்றைக்குக் கொஞ்சம் பிடிவாதம் பிடித்தேன். "மாமா, இதுல அம்மாவோட விவரம், அம்மாவே போடட்டும்" என்றேன். அவருக்குக் கோபம்தான். ஆனால் மாமியார் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "என்ன விவரம்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காக எத்தனை கோபத்தையும் வாங்கிக்கொள்ளலாம்.

தளத்தில் அவருடைய பெயரும் வயதும் இருந்ததைக் காட்டினேன். "என் வயசை எதுக்குடி ஊருக்கெல்லாம் சொல்றான்?" என்றார். அதற்கப்புறம் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முதலில் படிவத்தை நீட்டாதீர்கள் அண்ணா. அந்தத் தளத்தில் இருக்கும் அவர்கள் பக்கத்தைக் காட்டுங்கள்.

ஸ்ரீராம்புரத்தான் | சனி, பகல் 12.40

நான் வேறு பக்கத்திலிருந்து கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விவரம் வெளியே போகிறது என்ற பயத்தில் இன்னொரு கம்பெனிக்கு எல்லா விவரத்தையும் கொடுக்கிறோமே, இது சரிதானா? பழைய முகவரி, பிறந்த தேதி, எல்லாப் பெயர்களும், கூடவே கையெழுத்து. அந்தச் சேவையிலிருந்தே கசிந்தால்?

அந்தத் தளங்களில் பெரும்பாலானவற்றில் நீக்கச் சொல்லும் பக்கம் உண்டு. நேரம் இருந்தால் நாமே செய்யலாம். என் அக்கா டெக்சாஸில் இருக்கிறார். அவருக்காக மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இருபதுக்கு மேல் செய்தேன். நாலு மாதத்தில் சில திரும்ப வந்துவிட்டன என்பதும் உண்மை. ஒருமுறை நீக்கினால் தீர்ந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம், புதிதாக வாங்கிய தரவில் பெயர் மறுபடி முளைக்கும். சேவைக்குப் பணம் கொடுப்பது அந்தத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைக்குத்தான்.

அப்பா சந்தேகப்பட்டதில் தவறே இல்லை என்பது என் கருத்து.

மேயோ ஹால் வக்கீல் | சனி, மாலை 4.15

நீதிமன்றத்தில் அன்றாடம் "பவர்" பார்ப்பவன் என்பதால் சொல்கிறேன். அப்பா பயந்தது நியாயம். நம் ஊரில் பவர் என்ற சொல்லே வீடு, மனை விற்பதோடு ஒட்டிக்கொண்டது. பவர் பத்திரத்தை வைத்துச் சொத்து கைமாறியதாகச் சொல்ல முடியாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு அதில் விளையாட்டு நடந்திருக்கிறது.

இந்தப் படிவம் அந்த வகை இல்லை. குறிப்பிட்ட ஒரே வேலைக்கான அதிகாரம்: "என் விவரங்களை நீக்கும்படி என் சார்பில் கேட்கலாம்". முத்திரைத்தாள் வேண்டாம், நோட்டரி வேண்டாம். ஆனால் அப்பாவிடம் "ஃபார்மாலிட்டி" என்று மட்டும் சொல்லாதீர்கள். இது உண்மையான அதிகாரம்தான், எல்லை உள்ள அதிகாரம். அந்த எல்லையை அவரிடம் காட்டுங்கள்.

கையெழுத்துக்கு முன் நான்கு இடங்களைத் தேடிப் படியுங்கள். என்ன வேலைக்கு மட்டும் அதிகாரம்? எத்தனை நாளைக்கு? எப்படி ரத்து செய்வது? விவரங்களை வேறு யாருக்காவது கொடுக்க இதில் சம்மதம் ஒளிந்திருக்கிறதா? கடைசியது முக்கியம், அது பெரும்பாலும் படிவத்தில் இல்லாமல் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டமாக இருக்கும்.

நீங்களே போடலாமா என்பதற்கு என் பதில், கூடாது. தார்மீகம் ஒரு பக்கம் இருக்கட்டும், நடைமுறையிலும் உதைக்கும். கலிஃபோர்னியா நுகர்வோர் தனியுரிமைச் சட்டம் 2020 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. பிரதிநிதி மூலம் விண்ணப்பிக்க அது இடம் கொடுக்கிறது. ஆனால் நீக்கச் சொல்லும் விண்ணப்பம் வந்தால், கையெழுத்திட்ட அனுமதியைக் காட்டு என்று நிறுவனம் கேட்கலாம், "நீங்கள்தான் இவருக்கு அனுமதி கொடுத்தீர்களா?" என்று சம்பந்தப்பட்டவரிடமே நேராகவும் கேட்கலாம். அந்தக் கடிதம் அப்பாவிடம் வரும் நாளில் அவர் "எனக்கு ஒன்றும் தெரியாதே" என்று சொன்னால்?

தூரவாணிநகர் ஐயா | சனி, இரவு 8.30

எனக்கு வயது 76. தொலைபேசிக் கருவிகள் செய்யும் ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் 35 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த இழையில் கையெழுத்து வாங்குகிறவர்கள் பேசுகிறீர்கள், போடுகிறவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் நல்லவன். என் நன்மைக்காகத்தான் எல்லாம் செய்கிறான். ஆனால் அவன் என்னிடம் பேசும் விதத்தைப் பாருங்கள். "அப்பா, போனைக் குடுங்க. ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்க. ம்ம், அடுத்தது. அவ்வளவுதான்." எதற்கு என்று கேட்டால், "உங்களுக்குப் புரியாதுப்பா, லேட்டாகுது."

சென்ற வருஷம் எனக்கும் ஓர் அழைப்பு வந்தது. காவல் துறை என்றான். என் ஆதார் எண்ணில் ஏதோ பார்சல் பிடிபட்டதாம். "எண்ணைச் சொல்லுங்க. ம்ம், அடுத்தது. கேள்வி கேக்காதீங்க, நேரமில்லை." பேச்சின் தாளம் என் மகனுடையது போலவே இருந்தது. அதனால்தான் நான் பாதி வரைக்கும் கீழ்ப்படிந்தேன். போனிலேயே கைது செய்வதாக மிரட்டுகிறார்களே, அந்த டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் ஒன்று கிடையாது என்று 2024 அக்டோபரில் பிரதமரே மன் கி பாத்தில் சொன்னதை நான் வானொலியில் கேட்டிருக்கிறேன். கேட்டும் பாதி வரைக்கும் போனேன். என் மனைவி வந்து போனைப் பிடுங்கினாள்.

நீங்கள் அவசரப்படுத்தி வாங்கும் கையெழுத்தும், அவன் அவசரப்படுத்திக் கேட்கும் ஓ.டி.பி.யும் எங்களுக்கு ஒரே மாதிரிதான் வந்து சேர்கின்றன. படிக்காமல் போடு என்று பிள்ளைகள் பழக்கிவிட்டால், அடுத்தவன் கேட்கும்போது படித்துப் பார்க்க எங்களுக்கு எங்கிருந்து வரும்? உங்கள் அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மனுஷரைத் திருத்த வேண்டியதில்லை. அந்தக் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு படிப்பதற்கு ஏற்ற மாதிரி ஒரு காகிதத்தை அவர் முன்னால் வையுங்கள், போதும்.

இன்னொன்று. தனியுரிமை என்பது இளவட்டங்கள் விஷயம் என்று எங்களையே நம்ப வைத்துவிட்டார்கள். ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012-ல் உச்ச நீதிமன்றம் போன நீதிபதி புட்டசுவாமி கர்நாடக உயர் நீதிமன்றத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், இதே பெங்களூரில் வாழ்ந்தவர். வழக்குப் போடும்போது அவருக்கு 86 வயது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ல் சொன்ன தீர்ப்பு அவர் பெயரில்தான் இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு இதைச் சொல்லுங்கள்.

அல்சூர் ஏரிக்கரை | சனி, இரவு 9.10

ஐயா, இரண்டு தடவை படித்தேன். மகன் பேசும் தாளம் என்று எழுதியிருப்பது நானேதான். இன்று காலையில்கூட அப்படித்தான் பேசியிருக்கிறேன்.

நாளைக்கு வேறு மாதிரி முயல்கிறேன்.

ஃப்ரீமான்ட் அக்கா | ஞாயிறு, காலை 7.45

நான் பெங்களூரில் மர்பி டவுனில் வளர்ந்தவள், இங்கே கலிஃபோர்னியாவுக்கு வந்து 19 வருஷம். தம்பி, படிவத்தில் பெயர் எழுதும் இடத்தில் நின்று நிதானமாகப் பாருங்கள். என் அனுபவத்தில் நம்மவர்களுக்கு முக்கால்வாசித் தகராறு அங்கேதான் வருகிறது.

நம் பெயர்கள் இந்த ஊர்க் கணினிக்குள் அடங்குவதில்லை. அப்பாவுக்கு ஊர் இனிஷியலும் தகப்பனார் இனிஷியலும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அது விரிந்து நீளமான ஒரு பெயராகிவிடும், சிலருக்குக் குடும்பப் பெயர் இடமே காலி. அப்படி ஒற்றைப் பெயராக இருப்பவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் "எஃப்.என்.யு." என்று, அதாவது முதல் பெயர் தெரியவில்லை என்று அடித்துவிடுவார்கள். அம்மாவுக்குக் கணவர் பெயர் பின்னால் ஒட்டும். உங்கள் தங்கைக்குக் கல்யாணத்துக்கு முன் அப்பா பெயர், அப்புறம் மாப்பிள்ளையின் பெயர். ஒரே வீட்டில் மூன்று நான்கு குடும்பப் பெயர்கள்.

என் அம்மாவை ஆள் தேடும் தளங்களில் தேடினால் ஐந்து பேராக வந்தார். இரண்டு இடத்தில் பெயர் முன்பின்னாக மாறி, ஓரிடத்தில் மின்சார பில்லில் தப்பாக அடித்த எழுத்தோடு, ஓரிடத்தில் எஃப்.என்.யு. என்பதையே அவருடைய பெயராக வைத்து. சேவைக்காரர்கள் நாம் கொடுத்த பெயரைத்தான் தேடுவார்கள். ஆகவே "வேறு பெயர்கள்" என்ற இடத்தை விட்டுவிடாதீர்கள். பழைய பில், மருத்துவமனை அட்டை, நூலக அட்டை எல்லாவற்றையும் எடுத்து வைத்து, எந்தெந்த மாதிரி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

அப்புறம், கலிஃபோர்னியா அரசே இந்த 2026 ஜனவரியில் ஒரு தளத்தைத் திறந்திருக்கிறது, பெயர் டிராப். 2023-ல் வந்த டிலீட் சட்டத்தின்படி வந்தது. இந்த மாநிலத்தில் வசிப்பவர் ஒரே ஒரு விண்ணப்பம் போட்டால் போதும், அரசிடம் பதிவு செய்த தரவுத் தரகர்கள், அதாவது மக்களின் விவரங்களைச் சேர்த்து விற்பவர்கள், அத்தனை பேருக்கும் அது பொருந்தும். தரகர்கள் 2026 ஆகஸ்ட் 1 முதல் 45 நாளுக்கு ஒருமுறையாவது பட்டியலைப் பார்த்து நீக்க வேண்டும். காசு கிடையாது. பொதுப் பதிவுகளில் இருக்கும் வீட்டுப் பத்திரம், வாக்காளர் பதிவு மாதிரியானவை இதில் போகாது. தங்கையும் மாப்பிள்ளையும் இன்றைக்கே போடலாம். அப்பா அம்மா இங்கே வசிப்பவர்களாகக் கணக்கில் வருவார்களா என்பது அவர்களுடைய நிலைமையைப் பொறுத்தது. தாற்காலிகமாக வெளியே போயிருப்பவர்களுக்கும் சட்டத்தில் இடம் உண்டு. தங்கை அங்கே கேட்டுப் பார்க்கட்டும்.

ஸ்ரீராம்புரத்தான் | ஞாயிறு, காலை 9.00

ஃப்ரீமான்ட் அக்கா சொன்ன பிறகு ஒன்று ஒப்புக்கொள்கிறேன். பிரதிநிதி மூலம் போவதே தப்பு என்பது போல நேற்று எழுதிவிட்டேன். என் அக்காவுக்கு என்னால் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுக்க முடிந்தது. முடியாதவர்களுக்குச் சேவை வேண்டும்தான். அடையாள அட்டை கேட்டால் மட்டும் அப்படியே அனுப்பாதீர்கள். எண்ணையும் படத்தையும் மறைத்து, பெயரும் முகவரியும் மட்டும் தெரிகிற மாதிரி அனுப்பிப் பாருங்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

நம் ஊர் ஜெராக்ஸ் கடைப் பழக்கத்தையும் இதோடு மாற்ற வேண்டும். அப்பா அம்மாவின் ஆதார் நகல் எத்தனை இடத்தில் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 2022 மே 27-ல் ஆதார் ஆணையத்தின் பெங்களூர் மண்டல அலுவலகம்தான், நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று அறிக்கை விட்டது. தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்று இரண்டே நாளில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. அறிக்கை போனாலும் மறைத்த ஆதார் வசதி இன்றும் இருக்கிறது. என் பெற்றோருக்கு இரண்டு இரண்டு பிரதி எடுத்துப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

பாணஸ்வாடி மகள் | ஞாயிறு, பகல் 1.30

கேட்கலாமா வேண்டாமா என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். என் அம்மாவுக்கு மறதி நோய், மூன்று வருஷமாகிறது. சில நாள் என்னையே அடையாளம் தெரியாது. அவர் எண்ணுக்கு லோன், பாலிசி என்று தினமும் அழைப்பு. அவரும் எடுத்து அன்பாகப் பேசிக்கொண்டே இருப்பார். கையைப் பிடித்துப் போட வைத்தால் போடுவார். அது கையெழுத்தா? நான் அவருக்காகப் போடலாமா? முன்பு அவர் நன்றாக இருந்தபோது எனக்கு ஒரு பவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

மேயோ ஹால் வக்கீல் | ஞாயிறு, மாலை 5.50

அம்மா, உங்கள் கேள்வி கஷ்டமானது, பதிலும் கஷ்டமானதுதான். கையைப் பிடித்துப் போட வைப்பது வேண்டாம். புரியாமல் போட்டது சம்மதம் ஆகாது.

பழைய பவரைப் பற்றி: 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 201. அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலோ சித்த சுவாதீனம் இழந்தாலோ முகமை, அதாவது அவர் சார்பில் செயல்படும் அதிகாரம், முடிந்துவிடும். எப்போது அதிகம் தேவைப்படுமோ அப்போது நம் ஊர்ப் பவர் கைவிட்டுவிடுகிறது. அமெரிக்காவில் அந்த நிலையிலும் செல்லும்படி எழுதும் பவர் உண்டு. இங்கே பாங்கு, சொத்து போன்றவற்றுக்கு உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டுப் பாதுகாவலராக நியமனம் பெறுகிறார்கள். நேரம் எடுக்கும், ஆனால் வழி இருக்கிறது.

விளம்பர அழைப்புகளுக்கு அதெல்லாம் தேவையில்லை. அம்மாவின் சிம்மிலிருந்து 1909-க்கு "ஸ்டார்ட் 0" என்று ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி அனுப்புங்கள், விளம்பரம் தடுக்கப்படும். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அம்மா பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்க்கலாம், தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் சொல்லலாம். ஆதாரில் கைரேகை, கண் பதிவைப் பூட்டி வையுங்கள். இவை மூன்றும் அம்மாவின் நன்மைக்காக நீங்கள் செய்யும் காவல்.

நம் ஊரில் சட்டம் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே வாக்கில் நடப்புக்கு வரும். தரவை அழிக்கச் சொல்லும் உரிமை பிரிவு 12-ல் இருக்கிறது. பிரிவு 14-ஐ எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள். நாம் இறந்தாலோ செயலிழந்தாலோ நம் தரவு உரிமைகளை நமக்காகப் பயன்படுத்த ஒருவரை நியமிக்கலாம் என்கிறது. செயலிழப்பு என்பதில் மனநலம் குன்றுவதும் அடங்கும். பவர் கைவிடும் இடத்தில் நியமனம் நிற்கும். ஆனால் நினைவு நன்றாக இருக்கும்போதே செய்து வைக்க வேண்டிய காரியம் அது.

பாணஸ்வாடி மகள் | ஞாயிறு, மாலை 6.20

நன்றி ஐயா. குறுஞ்செய்தி இப்போதே அனுப்பிவிட்டேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து "யாருக்கு அனுப்பறே?" என்று கேட்டார். சொன்னேன். தலையாட்டினார். புரிந்ததோ இல்லையோ, சொல்லிவிட்டுச் செய்தேன் என்ற நிம்மதி எனக்கு.

ஜெயநகர் மருமகள் | ஞாயிறு, இரவு 7.00

பாணஸ்வாடிக்காரரே, உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரே ஊரில்தான் இருக்கிறோம், எப்போதாவது பேச வேண்டும் என்றால் எழுதுங்கள்.

கடைகளில் பில் போடும்போது மொபைல் எண் கேட்கிறார்களே, அது வேண்டாம் என்று சொல்லவும் என் மாமியார் பழகிவிட்டார். எண் கொடுக்காவிட்டால் விற்க மாட்டேன் என்று வற்புறுத்தக் கூடாது என 2023 மே மாதம் நுகர்வோர் விவகாரத் துறை கடைக்காரர்களுக்குச் சொல்லியிருக்கிறது. "எண் இல்லாமல் பில் போடுப்பா" என்று அவர் நிமிர்ந்து சொல்வதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.

அல்சூர் ஏரிக்கரை | புதன், இரவு 9.40

மூன்று நாள் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

ஞாயிறு மதியம் நான் படிவத்தைத் தமிழில் எழுதினேன். கையால், கொஞ்சம் பெரிய எழுத்தில், இரண்டு பக்கம் வந்தது. ஆங்கிலத்தில் ஆறு தடவை பார்த்திருக்கிறேன். தமிழில் எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கே சில வரிகள் புரியவில்லை என்று தெரிந்தது. தங்கையைக் கூப்பிட்டு, அவள் சேவைக்காரர்களிடம் கேட்டு, அதற்கப்புறம்தான் முடிந்தது. புரியாத ஒன்றில் போடச் சொல்லித்தான் அப்பாவிடம் நின்றிருக்கிறேன்.

திங்கள் மாலை காபிக்கு அப்புறம் முதலில் தளத்தில் அவருடைய பக்கத்தைக் காட்டினேன். பெயருக்குக் கீழே எங்கள் பெயர்கள் வரிசையாக இருப்பதைப் பார்த்தார். "அந்தப் பயலுக்கு இங்கேருந்துதான் தெரிஞ்சிருக்கா?" என்றார். இருக்கலாம் என்றேன். பிறகு இரண்டு தாளையும் கொடுத்துவிட்டு நான் எழுந்து போய்விட்டேன். பக்கத்தில் நின்றால் அவசரப்படுத்துவது போல இருக்கும் என்று தோன்றியது.

ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். தாளில் மூன்று இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். எத்தனை நாளைக்கு என்பதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. சேவையில் இருக்கும் வரை, நாம் நிறுத்தினால் இதுவும் நின்றுவிடும் என்றேன். நிறுத்துவதற்கு யாருக்கு எழுத வேண்டும் என்று கேட்டு, அந்த மின்னஞ்சல் முகவரியைத் தன் டைரியில் குறித்துக்கொண்டார். மூன்றாவது, முழுப் பிறந்த தேதி எதற்கு என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. தங்கை கேட்டதில் பிறந்த வருஷம் மட்டும் போதும் என்றார்கள். நாங்கள் இருவரும் யோசிக்காததை அப்பா யோசித்திருக்கிறார்.

வக்கீல் ஐயா சொன்ன அந்தச் சின்னக் கட்டம் உண்மையிலேயே இருந்தது, முன்கூட்டியே டிக் போட்டு. கூட்டு நிறுவனங்களிடமிருந்து செய்திகள் பெறச் சம்மதம் என்று. எடுத்துவிட்டோம்.

விரலால் திரையில் போட்டது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "இது என் கையெழுத்தே இல்ல, கோழி கிளறின மாதிரி இருக்கு" என்றார். படிவத்தை அச்செடுத்துப் பேனாவால் போட்டு ஸ்கேன் செய்து அனுப்பினோம், ஏற்றுக்கொண்டார்கள். ஓட்டுநர் உரிம நகலின் குறுக்கே, பாங்குக்குக் கொடுக்கும்போது எழுதுவாரே அதே மாதிரி, "என் விவரங்களை நீக்குவதற்கு மட்டும்" என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். ஒரு பிரதி எல்.ஐ.சி. பாலிசிகள் இருக்கும் கோப்புக்குள் போயிற்று.

தூரவாணிநகர் ஐயா, நீதிபதி புட்டசுவாமி பற்றிச் சொன்னேன். "86-லயா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

அம்மாதான் கதை. அப்பா படித்து முடித்ததும், "அவரே படிச்சுட்டார் இல்ல, எனக்கெதுக்கு?" என்றார். ஜெயநகர் சகோதரி சொன்னது நினைவுக்கு வந்தது. அம்மாவுடைய பக்கத்தைத் தனியாகக் காட்டினேன். அதில் அப்பா பெயரை அம்மாவின் குடும்பப் பெயராகப் போட்டு, வயதை 81 என்று காட்டியிருந்தது. எட்டு வயது கூட்டியதில் அம்மாவுக்கு வந்த கோபம் இருக்கிறதே! இரண்டு தாளையும் வாங்கி வாய்விட்டுப் படித்தார், பத்தாம் வகுப்பில் படித்த மாதிரி நிறுத்தி நிறுத்தி. தமிழிலேயே கையெழுத்திட்டார். தமிழ்க் கையெழுத்து செல்லுமா என்று நான்தான் பயந்தேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் இன்று அம்மாவின் படிவம் திரும்பி வந்துவிட்டது. ஃப்ரீமான்ட் அக்கா எச்சரித்தது போலவே பெயரில்தான் பிரச்சினை. கிரீன் கார்டில் ஒரு மாதிரி, படிவத்தில் இனிஷியலோடு ஒரு மாதிரி. அம்மா பெயரை எழுதியிருக்கும் ஐந்து விதத்தையும் வேறு பெயர்கள் இடத்தில் எழுதி மறுபடி அச்செடுத்தேன். எத்தனை தடவை அலைக்கழிப்பது என்று எனக்கே சங்கடமாக இருந்தது. "அதுக்கென்ன, திரும்பப் போட்டாப் போச்சு" என்று சொல்லி அம்மா பேனாவை எடுத்தார். அப்புறம் கையை நிறுத்தினார்.

"இரு, போன தடவை இருந்ததுதானே இது? வேற எதுவும் சேர்க்கலையே?" என்று கேட்டு, கண்ணாடியைக் கொண்டுவரச் சொன்னார்.